பழைய ஆயில்காரர் துறவு போனது

"என்கிட்ட ஒரு வாடை இருக்கும்மா. எப்படிக் குளிச்சாலும் போக மாட்டேங்குது."

அரசியம்மா மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"ஆமாம்," என்றார். "இருக்கு."

பொன்னுரங்கம் இதை எதிர்பார்க்கவில்லை. வாடை உடம்பில் இல்லை, மனசில் இருக்கிறது என்பது மாதிரி ஏதாவது சொல்வார் என்று நம்பித்தான் மலையடிவாரத்து மடம்வரை காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தகரக் கொட்டகை, ஒரு சமையலறை, ஒரு வேப்பமரம். கொட்டகையில் ஒரு பெஞ்சு. அதில் அரசியம்மா. முழுப்பெயர் மங்கையர்க்கரசி. துறவு வாங்குவதற்கு முன் ஒரு வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்தவர். அதனாலோ என்னவோ, வரிசையில் வருகிறவர்களிடம் சுருக்கமாகத்தான் பேசுவார். வயது நாற்பதுகூட இருக்காது. பொன்னுரங்கத்துக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் எதிரே தரையில் உட்கார்ந்து கைகூப்பியபோது அவருக்கு அது வித்தியாசமாகத் தோன்றவில்லை.

"என்ன தொழில்?"

"வேஸ்ட் ஆயில்மா."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பஸ் டிப்போ, ஒர்க்‌ஷாப், மில் என்று எங்கெல்லாம் எந்திரம் ஓடுகிறதோ அங்கெல்லாம் வடித்துவிட்ட கருப்பு ஆயிலை டேங்கரில் எடுத்து வந்து, சுத்தம் செய்து, மறுபடி ஆயிலாக விற்பது அவர் தொழில். கல்யாண வீட்டில் அவர் பக்கத்து இலை காலியாகவே இருக்கும். வீட்டில் அவர் துணிக்குத் தனி வாளி. சம்பாதித்தது போதும், இனி சுத்தமாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

எப்படிச் சுத்தம் செய்வீர்கள் என்று அரசியம்மா கேட்டார்.

அவ்வளவுதான். பொன்னுரங்கத்தின் முகம் மலர்ந்துவிட்டது. ஆயிலை அசையாமல் நிறுத்திவைத்தால் தண்ணீர் தானே பிரியும் என்றார். பிறகு சூடு. சூட்டில் ஆயில் ஆவியாகி மேலே போகும், குளிர்ந்து இறங்கும்போது தேன் நிறத்தில் இருக்கும், பார்த்தால் விரலால் தொட்டுப் பார்க்கத் தோன்றும் என்றார். அடியில் தங்குகிற கசடை டிரம்மில் அடைத்து, அதற்கென்றே அனுமதி வாங்கிய இடம் ஒன்று இருக்கிறது, அங்கே கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும் என்றார். இந்த வருஷக் கசடு இன்னும் போகவில்லை, பின்சுவர் ஓரமாக டிரம் டிரம்மாக நிற்கிறது, அடுத்த வாரம் அனுப்ப வேண்டும் என்று சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.

"நான் துறவு வாங்கிக்கலாமாம்மா?"

அரசியம்மா அடுத்த ஆளைப் பார்த்தார்.

"போயிட்டு வாங்க," என்றார்.

காரில் திரும்பும் வழியெல்லாம் பொன்னுரங்கம் அதையே யோசித்துக்கொண்டு வந்தார். சும்மா போங்கள் என்று சொல்லவில்லை. போய்விட்டு வாங்க என்று சொல்லியிருக்கிறார். போவது எதற்கு? எல்லாவற்றையும் விடுவதற்கு. வருவது எதற்கு? அதைக் கேட்கவே வேண்டாம்.

தமிழ்நாட்டில் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் அதைத்தான் சொல்வார்கள் என்பது அன்றைக்கு அவருக்கு நினைவில் இல்லை.

மறுநாளே ஆலைச் சாவியை மைத்துனன் சம்பத்திடம் கொடுத்தார். இனி எல்லாம் உன் பொறுப்பு என்றார். சம்பத் கண்கலங்கினான். சாவியை உடனே பையில் போட்டுக்கொண்டான்.

மனைவி கனகவல்லியிடம் விஷயத்தைச் சொல்ல அவருக்கு இரண்டு காபி ஆயிற்று. அவள் முழுதும் கேட்டாள்.

"மத்தியானச் சாப்பாடும் அங்கயேதானா?" என்றாள்.

ஆமாம் என்றார்.

"சரி," என்று சொல்லிவிட்டு ஊறவைத்த அரிசியில் பாதியை எடுத்து வைத்தாள்.

காவித்துணியைக் கடையில் அவரே வாங்கினார். அதைக் கட்டிக்கொண்டு, ஒரு துணிப்பையோடு பஸ்ஸில் போய் மடத்தில் இறங்கினார். கார் விட்டதில் சேர்ந்துவிட்டது.

"எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டேம்மா."

"எங்க விட்டீங்க?"

பொன்னுரங்கம் விழித்தார். இத்தனை வருஷமாக மில் முதலாளிகளிடம் அவர் கேட்டுவந்த கேள்வி அது. போன மாசத்து ஆயிலையெல்லாம் தூக்கிப் போட்டாச்சு என்று எவராவது சொன்னால், எங்க போட்டீங்க என்றுதான் கேட்பார். முதலாளி பேச்சை மாற்றுவார்.

"மச்சான்கிட்டம்மா," என்றார்.

"என்னென்ன விட்டீங்கன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்மா," என்றார். பிறகு பேச்சை மாற்றி, தனக்கு இங்கே என்ன சாதனை என்று கேட்டார்.

பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு மண்பானை இருந்தது. வருகிறவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கச் சொன்னார் அரசியம்மா.

"மந்திரம் ஏதாவது?"

"தண்ணி கொடுக்கும்போது பேசாதீங்க."

அதுதான் பொன்னுரங்கத்தின் துறவு. காலையிலிருந்து சாயங்காலம் வரை பானையோரம் உட்கார்ந்திருந்தார். ஜனங்கள் வந்தபடி இருந்தார்கள்.

ஒருவருடைய அண்ணன் வேலியை ஒரு சாண் தள்ளிப் போட்டிருந்தார். ஒருத்தியின் மகன் வெளிநாட்டிலிருந்து பேசினால் மருமகளைப் பற்றி மட்டுமே பேசினான். இன்னொருத்தி, ஓரகத்தி வீட்டில் இரண்டு கதவு வைத்த ஃபிரிட்ஜ் வந்ததிலிருந்து தனக்குத் தூக்கமே இல்லை என்று சொல்லி அழுதாள். ஒரு பள்ளிக்கூட வாத்தியார், செத்துப்போன தன் அப்பாவை மன்னிக்க முடியவில்லை என்றார். நெடுநேரம் சொன்னார். அரசியம்மா ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டார். பெரும்பாலும் "சரி" என்பார். சிலரிடம் அதுகூட இல்லை. ஃபிரிட்ஜ்காரியிடம் மட்டும் அது எத்தனை லிட்டர் என்று விசாரித்தார்.

ஆனால் ஒவ்வொருவரும் எழுந்து போகும்போது நடை மாறியிருந்தது. பொன்னுரங்கத்தின் தொழில் கண்ணுக்கு அது தப்பவில்லை. ஆயிலை இறக்கிவிட்டுத் திரும்புகிற டேங்கர் இப்படித்தான் துள்ளிக்கொண்டு போகும்.

சாயங்காலம் வரிசை முடிந்ததும் அரசியம்மா குழாயடிக்குப் போய் முகம் கழுவுவார். வெகுநேரம் கழுவுவார். ஒருநாள் தண்ணீர் வீணாகிறதே என்று பொன்னுரங்கம் குழாயை மூடப் போனார். அரசியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடாமல் வந்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் கனகவல்லி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கையில் டிபன் கேரியர். மடத்து உப்புமாவைப் பற்றி யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். வேப்பமரத்தடியில் அவரை உட்காரவைத்துத் தட்டில் போட்டபடி ஊர்க் கதையெல்லாம் சொன்னாள். பக்கத்து வீட்டில் நாய் குட்டி போட்டிருக்கிறது. சின்னவள் போன் செய்தாள். சம்பத் ஆலையில் கெட்டிக்காரன் ஆகிவிட்டான்; பின்சுவர் டிரம்மையெல்லாம் பாதிச் செலவில் எடுத்துக்கொள்கிற ஒரு லாரிக்காரனைப் பிடித்துவிட்டான், இன்றைக்கு மத்தியானம்தான் ஏற்றுகிறார்கள்.

பொன்னுரங்கத்தின் கையில் சோறு அப்படியே நின்றது.

"எங்க கொண்டுபோறானாம்?"

"ஏரிக்கரைப் பள்ளத்துலன்னு சொன்னான். ஏன், குழம்பு உப்பா இருக்கா?"

அந்த ஏரியின் தண்ணீரைத்தான் கீழே இருக்கிற ஊர்கள் குடிக்கின்றன. அந்த மண்ணில் ஒரு டிரம் கசடு இறங்கினால் என்ன ஆகும் என்று பொன்னுரங்கத்துக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. கழுவாத கையோடு எழுந்து கொட்டகைக்குள் போனார். வரிசை நீளமாக நின்றது.

"அம்மா, நான் போகணும்."

"போயிட்டு வாங்க," என்றார் அரசியம்மா, அடுத்த ஆளைப் பார்த்தபடி.

கனகவல்லி ஸ்கூட்டரை ஓட்டினாள். காவி கட்டிய பொன்னுரங்கம் பின்னால் உட்கார்ந்து, டிபன் கேரியரை மார்போடு அணைத்துக்கொண்டு, வேகமா போ, வேகமா போ என்றார். வழியில் டீக்கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருவர் கும்பிட்டார்.

ஏரிக்கரையில் லாரி பின்கதவைத் திறந்துகொண்டு நின்றது. முதல் டிரம்மைச் சரிவில் உருட்டி விட்டிருந்தார்கள். அது பள்ளத்தில் கல்லில் மோதி, மூடி கழன்று, தார் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. தண்ணீர் அங்கிருந்து ஒரு தென்னை நீளம்தான்.

லாரி டிரைவர் காவியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலில் விழுந்தான். சாமி, விபூதி கொடுங்க, வண்டியில் நாலு நாளா கியர் சிக்குது என்றான்.

"இறக்கினதை ஏத்து," என்றார் சாமி.

சம்பத் மரத்தடியிலிருந்து ஓடி வந்தான். "மாமா, நீங்கதான் எல்லாத்தையும் விட்டுட்டீங்களே," என்றான். குறை சொல்வது மாதிரிக்கூட இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

பொன்னுரங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். முதலில் டிரம்மை நிமிர்த்தினார். ஒழுகியது நின்றது. டிரைவர் லாரியிலிருந்து மண்வெட்டி எடுத்து வந்தான். ஒன்றுதான் இருந்தது. பொன்னுரங்கம் சுற்றிலும் பார்த்தார். மேலே கரையில் கனகவல்லி நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தக் கேரியரைக் கொடு."

அவள் அவரைப் பார்த்தாள். கேரியரைப் பார்த்தாள். அவள் அம்மா வீட்டுச் சீர் அது. மிச்சக் குழம்பைக் கரையில் நின்ற ஒரு நாய்க்கு ஊற்றிவிட்டு, அடுக்கைக் கழற்றி ஒவ்வொன்றாகக் கீழே வீசினாள்.

டிரைவர் மண்வெட்டியால் வெட்ட, பொன்னுரங்கமும் சம்பத்தும் டிபன் அடுக்கால் வாரினார்கள். கசடு தொட்ட மண்ணையெல்லாம் டிரம்முக்குள் போட்டார்கள். வெயில் சாயும்போது அந்த இடத்தில் ஒரு குளிக்கிற தொட்டி அளவுக்குப் பள்ளம் இருந்தது. தோண்டிய இடத்தில் சுத்தமான செம்மண் தெரிந்தது. பொன்னுரங்கம் குனிந்து முகர்ந்து பார்த்தார். இன்னும் ஒரு அடுக்கு வார வேண்டும் என்றார். வாரினார்கள்.

காவி எங்கே முடிகிறது, கருப்பு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத நிலையில் அவர் கரையேறினார். டிரைவர் இந்தமுறை காலில் விழவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தான்.

அடுத்து வந்த நாட்களில் டிரம் எல்லாவற்றையும் அனுமதி வாங்கிய இடத்துக்கே அனுப்பினார். ஒவ்வொரு லாரியிலும் டிரைவர் பக்கத்தில் அவரே உட்கார்ந்து போனார். கடைசி டிரம் குழிக்குள் இறங்குவதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து நேரே மடத்துக்குப் போனார். பேன்ட், சட்டை, ஆலை பூட்ஸ்.

வரிசையில் ஒருவர்தான் மிச்சம். அவரும் இறக்கிவைத்துவிட்டு எழுந்து போனார்.

துறவு தனக்குச் சரிப்படவில்லை என்று பொன்னுரங்கம் சொன்னார். ஆலைக்குத் திரும்பிவிட்டதைச் சொன்னார். பானைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று வருத்தப்பட்டார். அரசியம்மா எல்லாவற்றுக்கும் சரி என்றார்.

பொன்னுரங்கம் எழுந்தார், ஆனால் போகவில்லை. பூட்ஸை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு கேட்கலாமாம்மா? தொழில் புத்தி, தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளுங்க."

"ஊர்ல உள்ளவங்க எல்லாம் தினம் வந்து உங்ககிட்ட கொட்டிட்டுப் போறாங்க. நான் பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தேன். உள்ள வர்றதுதான் தெரியுது." கொஞ்சம் தயங்கினார். "உங்க வண்டி எங்கம்மா போய் இறக்குது?"

அரசியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. யாரோ ஒரு குடும்பம் இறங்கிக்கொண்டிருந்தது. சமையல்காரரைக் கூப்பிட்டு, அவர்களை நாளைக்கு வரச் சொல்லும்படி சொல்லி, கேட்டைச் சாத்தச் சொன்னார்.

பிறகு பெஞ்சில் ஒரு ஓரமாக நகர்ந்து இடம் விட்டார். பொன்னுரங்கம் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்.

"உங்களுக்கு அவசரமா எங்கயும் போகணுமா?"

"இல்லம்மா."

அரசியம்மா புடவை முந்தானையின் நுனியை விரலில் சுற்றினார். பிரித்தார். மறுபடி சுற்றினார்.

"என் தங்கச்சி புது வீடு கட்டியிருக்கா," என்றார். "குடி போனதுக்கு என்னைக் கூப்பிடவே இல்ல."