பண்ணையார் திருப்பிக் கேட்ட புழுக்கை

செம்பாயி குடும்பம் தன் துண்டு வயலில் ராவெல்லாம் ஆடுகளை அடைத்துக் கிடை போட்டு, அவை போட்ட புழுக்கையிலேயே ஊர் வாய்பிளக்கும்படி நெல் விளைத்துவிட்டது. அறுத்த நெல் களத்தில் குவிந்ததும் பண்ணையார் வைரவநாதர் தொந்தி முன்னே வர, தான் பின்னே வந்து சேர்ந்தார்.

"ஏ செம்பாயி! அந்த ஆடுங்க பகலெல்லாம் மேய்ஞ்சது யார் புல்லு? என் புல்லு! அப்போ புழுக்கையும் என்னுது! ஒண்ணு, அதைத் திருப்பிக் கொடு. இல்லே, நெல்லு மொத்தமும் எனக்கு!"

செம்பாயி பவ்வியமாகக் கும்பிட்டாள்.

"நியாயந்தானுங்க ஐயா, திருப்பிடறோம். ஆனா உங்க புழுக்கை இப்போ நெல்லுக்குள்ள போயிடுச்சே! புல்லை ஆடு தின்னு புழுக்கையாக்கின மாதிரி, நெல்லை நாங்க தின்னுதான் ஆக்கணும். தினம் விடியக்காலையில மாமனார், கொழுந்தனுங்க, புள்ளைங்க எல்லாரும் ஆளுக்கொரு சொம்போட உங்க வாசலுக்கே வந்து, மிச்சம் வைக்காம கொடுத்துடறோம்."

மாமனார் அப்போதே வேட்டியை மடித்துக் கட்டினார். "விடியறவரைக்கும் எதுக்கும்மா? என்கிட்ட இப்பவே கொஞ்சம் தயாரா இருக்கு!"

"ஐயையோ, வேணாம்! நெல்லும் உங்களுக்கே, புழுக்கையும் உங்களுக்கே!" என்று அலறியபடி ஓடிய பண்ணையார், அறுப்புக் காலம் முடியும்வரை வாசற்கதவைத் திறக்கவே இல்லை.