அடுப்புக்குப் போன பலகை

மடத்து வாசலில் ஒரு பலகை தொங்கியது. 'மனம் சிரித்தால் நோய் ஓடும்.' எட்டு வருஷத்துக்கு முன்னால் குரு சொல்ல, செண்பகவல்லி மஞ்சள் பெயின்டில் எழுதியது.

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடரான செண்பகவல்லிக்கு ஐம்பத்தொன்று. அவள் அவரைச் சாமி என்பாள். அவர் அவளை அக்கா என்பார்.

இப்போது அவளுக்கு மார்பில் புற்றுநோய். மூன்று கீமோ முடிந்துவிட்டது. தலையில் முடி இல்லை. வாயெல்லாம் புண்.

நாலாவது ஊசிக்கு முந்தின நாள் காலை, முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். சிவநேசன் வந்தான். அவனும் சீடன்தான். கேட்காமலே புத்தி சொல்வான்.

"சிரிங்கக்கா. மனசு சரியா இருந்தா பாதி நோய் போயிடும்."

"மீதிப் பாதியை நீ வாங்கிக்கிறியா?"

அவன் அங்கிருந்து நகர்ந்தான். குரு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"யார் மேல கோபம்?"

"உங்க மேலதான். நாளைக்கு ஊசிக்கு நான் போகலை சாமி."

"ஏன்?"

"சிரிச்சா ஓடும்னு சொன்னீங்க. சிரிச்சேன். வாந்தி எடுத்துட்டு வந்து சிரிச்சேன். கட்டி கொஞ்சம்தான் கரைஞ்சிருக்காம். அப்போ நான் சரியா சிரிக்கலையா? நோயும் எனக்கு, குத்தமும் எனக்கா?"

குரு வாசல் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

"காலையில எழுந்திருக்கவே பிடிக்கலை. ஏன்தான் விடியுதோன்னு இருக்கு."

"இதை ஆஸ்பத்திரியில சொன்னீங்களா?"

"இல்லை."

"கேட்டாங்கதானே?"

"கேட்டாங்க. அங்கேயும் சிரிச்சேன்."

குரு எழுந்து வாசலுக்குப் போனார். பலகையைப் பிடித்து இழுத்தார். ஆணி வரவில்லை. சுவரில் காலை ஊன்றி இழுத்தார். பிய்ந்து வந்தது. முற்றத்தில் போட்டுக் கோடாரியை எடுத்தார்.

சிவநேசன் ஓடி வந்தான். "சாமி! அது உங்க வாக்கு!"

"அதனாலதான் நானே பிளக்கிறேன். தள்ளி நில்லு."

துண்டுகளை முற்றத்து அடுப்பில் திணித்துத் தீ வைத்தார். மேலே ஒரு சட்டித் தண்ணீர். மஞ்சள் பெயின்ட் பொசுங்கிப் புகை கிளம்பியது.

செண்பகவல்லி மூக்கைப் பொத்தினாள். "நாறுது சாமி."

"எட்டு வருஷமா நாறியிருக்கு. நமக்குத்தான் தெரியலை."

"எழுதினது நான்."

"சொன்னது நான்."

தண்ணீர் கொதித்தது. ஆற்றி, உப்புப் போட்டுக் கலக்கிக் கொடுத்தார். வாய் கொப்பளித்தாள். புண்ணில் பட்டு எரிந்தது.

"சனியனே!" என்று துப்பினாள். மடம் முழுக்கக் கேட்டது.

சிவநேசன் முகம் சுளித்தான். குரு இன்னொரு டம்ளர் நீட்டினார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"ஒன்பது. அதான் போகலைன்னேனே."

"நானும் வரேன். எப்படி இருக்கீங்கன்னு டாக்டர் கேட்பாங்க. எனக்குச் சொன்னதை அப்படியே சொல்லுங்க. ஏன்தான் விடியுதோன்னு இருக்குன்னு சொன்னீங்களே, அதையும்."

அவள் டம்ளரை வாங்கவில்லை. அவரையே பார்த்தாள்.

"இவ்வளவு கோபத்தை வச்சுக்கிட்டுப் போனா மருந்து வேலை செய்யுமா?"

குரு கையில் ஒட்டியிருந்த கரியை வேட்டியில் துடைத்தார்.

"மருந்து நரம்புல ஏறுது அக்கா. உங்க மூஞ்சியைப் பார்த்துட்டா ஏறுது?"