மூன்றாம் ரவுண்டுக்கு ஒரு தாள்

குத்துச்சண்டை வாத்தியார் செபஸ்தியானைப் பார்க்கத் தணிகாசலம் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். வயது அறுபத்து மூன்று. ஒருகாலத்தில் வாத்தியாரிடம் குத்துப் பழகியவர். பிறகு கொடி, மேடை, துண்டறிக்கை என்று போனவர். எந்த அதிகாரி முன்னாலும் கால்மேல் கால் போடுவார். வாத்தியார் முன்னால் மட்டும் உட்காரவே மாட்டார்.

"நடுவர் ஏகாம்பரம் செத்துப் பதினஞ்சு நாளாச்சு, வாத்தியாரே. நாளைக்குப் பதினாறாம் நாள் காரியம்."

"தெரியும். போறியா?"

"அதைக் கேக்கத்தான் வந்தேன்."

விஷயம், முப்பத்தோரு வருஷத்துக்கு முந்தைய ஓர் இறுதிப் போட்டி. சிவப்பு மூலையில் வாத்தியாரின் சீடன் இருதயம். நீல மூலையில் வெளியூர்க்காரன். ஆளுக்கொரு ரவுண்டு எடுத்திருந்தார்கள். மூன்றாவது ரவுண்டில் மற்ற இரண்டு நடுவர்கள் ஆளுக்கொரு பக்கம் போக, ஏகாம்பரத்தின் மார்க் தாள் இருதயத்தைத் தோற்கடித்தது.

மறுநாளே தணிகாசலம் துண்டறிக்கை அடித்தார். தலைப்பு: 'விலைபோன பேனா'. நல்ல தமிழ். கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை. சுவர் சுவராக ஒட்டினார். அதன்பின் ஏகாம்பரம் எந்தப் போட்டிக்கும் வரவில்லை. அவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் 'பேனா' என்று கூப்பிட்டார்கள்.

"நான் எழுதினது சரின்னா நாளைக்குப் போக வேண்டியதில்ல. தப்புன்னா அவர் சம்சாரம் கால்ல விழணும்." தணிகாசலம் தாள்கட்டை மேசைமேல் வைத்தார். "நாப்பது தாள். அன்னிக்கு எடுத்த வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்து மார்க் போட்டிருக்கேன். நாப்பதுலயும் இருதயந்தான்."

"இன்னமும் அதே சண்டையா? இருதயமே மூணு ரவுண்டுல இறங்கி வீட்டுக்குப் போயிட்டான்."

தணிகாசலம் சிரிக்கவில்லை.

வாத்தியார் கட்டைத் தொடவில்லை. ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துக் கொடுத்தார்.

"மூணாவது ரவுண்டைப் போடு."

தணிகாசலம் செல்போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தார். படம் மங்கல். இருதயத்தின் இடது கை வேலை செய்தது. நீலக்காரன் குனிந்து குனிந்து விலாவில் போட்டான். கடைசியில் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து மூச்சு வாங்கினார்கள். மணி அடித்தது.

வாத்தியார் கையை நீட்டினார். "குடு."

"இருங்க வாத்தியாரே, அந்தக் கடைசிக் குத்தை மட்டும் பின்னாடி தள்ளிப் பார்த்துட்டு..."

"மணி அடிச்சாச்சு. அடிச்ச உடனே தாளை வாங்கிடுவாங்க, மறந்துட்டியா? குடு."

தணிகாசலம் கிறுக்கிக் கொடுத்தார். வாத்தியார் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார்.

"சிவப்பு ஒன்பது. நீலம் பத்து."

"அது செல்லாது! நீங்க அவசரப்படுத்திட்டீங்க. நான் சாப்பிடக்கூட இல்ல, கண்ணு சொருகுது. இப்படித் தப்பா விழுறதை நான் கிழிச்சிடுவேன்."

"எத்தனை கிழிச்சே?"

தணிகாசலம் செல்போனை அணைத்தார்.

"எண்ணல."

தணிகாசலத்துக்குக் கோபம் வந்தது.

"நீங்க அவன் மூலையில நின்னவரு. நீங்களே சொல்லுங்க. இருதயம் ஜெயிச்சானா, இல்லையா?"

"இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது."

"தெரியாதா? அப்புறம் நான் நோட்டீஸ் ஒட்டும்போது ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?"

"தோத்தவனோட வாத்தியார் நான். உன் நோட்டீஸ் எனக்கு இனிச்சுது."

தணிகாசலம் கட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வாசல்வரை போய் நின்றார்.

"அப்போ நாளைக்கு?"

"ஏகாம்பரத்துக்கு ஒரே ஒரு தாள்தான் குடுத்தாங்க, தணிகா." வாத்தியார் பென்சிலை மேசைமேல் வைத்தார். "காலையில வரும்போது ஆட்டோ பிடிச்சுக்கிட்டு வா. ரெண்டு பேர் போகணும்."