தண்ணீரோடு மல்லுக்கட்டிய ராஜா

ஆறுகளுக்குப் பாலம் போடலாம் என்று யாருக்கும் தோன்றாத காலத்தில், கேளுங்கள், வேங்கைமாறன் என்று ஒரு ராஜா இருந்தான். மல்யுத்தத்தில் அவனை வெல்ல ஆளில்லை. அதைத் தினமும் அவனே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆற்றின் நடுவே ஒரு தீவு. அக்கரை ராணி செங்கயல் அது தன்னுடையது என்றாள். இவன் தன்னுடையது என்றான். இரு பக்கமும் வேல் தீட்டும் சத்தம் கேட்டது. அப்போது ராணி ஆள் அனுப்பினாள்: "ஊரார் பிள்ளைகள் ஏன் சாக வேண்டும்? நாம் இருவரும் நீந்துவோம். முதலில் கால் வைப்பவருக்குத் தீவு."

"எத்தனை மல்லர்களைத் தூக்கி எறிந்தவன் நான்! தண்ணீர் எம்மாத்திரம்?" என்று ஒப்புக்கொண்டான் ராஜா. நீச்சல் அவனுக்குத் தெரியாது.

முதல் நாள் குளத்தில் இறங்கித் தண்ணீரை இறுக்கிப் பிடித்தான். அது விரலிடுக்கில் நழுவியது. மூழ்கினான். "தண்ணீர் பயந்து ஓடுகிறது அரசே!" என்றார்கள் அமைச்சர்கள்.

இரண்டாம் நாள் தண்ணீரைக் குத்தினான். மூழ்கினான். "தண்ணீருக்குச் சரியான அடி அரசே!" என்றார்கள்.

மூன்றாம் நாள், நீச்சல் சொல்லித்தர வந்த படைத்தலைவர் பொழிலனின் கழுத்தில் கிடுக்கிப்பிடி போட்டான். இருவரும் மூழ்கினார்கள். பொழிலன் கரையேறி இருமிக்கொண்டே, "அரசே, தண்ணீர் உங்களோடு சண்டைக்கு வரவில்லை" என்றார். ராஜா காதில் வாங்கவில்லை. காதில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது.

போட்டி நாளும் வந்தது. ராணி சர்ரென்று போய்விட்டாள். ராஜா ஆற்றைக் குத்திக்கொண்டே போனான். பாதி வழியில் மூச்சு முட்டியது. ஆறு அவனைக் கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்தது.

அந்தக் கனம் அவனுக்குப் பழக்கமானது. கொழுத்த மல்லன் மார்பில் ஏறி உட்கார்ந்தால் துள்ளக் கூடாது. மூச்சை அடக்கி, உடம்பைத் தளர்த்தி, காத்திருக்க வேண்டும். அப்படியே செய்தான். ஆறு அவனை மெல்ல மேலே தூக்கிவிட்டது. மல்லாந்தபடி, உரம் ஏறிய தொடைகளால் உதைத்து உதைத்துத் தீவுக்கு வந்து சேர்ந்தான்.

செங்கயல் தலைமுடியைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். "வந்துவிட்டீர்களா? இப்போதுதான் அழலாம் என்று நினைத்தேன்."

"தீவு உங்களுடையது ராணி" என்றான். தோற்றுப் பழக்கமில்லாதவனுக்கு ஏனோ சிரிப்பு வந்தது. ஆற்றுக்கு அடியில் நடந்ததைச் சொன்னான்.

"அந்த மல்வித்தையை எனக்கும் கற்றுத்தாருங்கள். பாதித் தீவு தருகிறேன்" என்றாள் அவள்.

உடனே மணலில் இறங்கினார்கள். ராணி இரு கைகளாலும் மணலைத் துழாவி வீசிக்கொண்டு பாய்ந்தாள். ராஜாவின் வாயெல்லாம் மணல்.

துப்பிவிட்டுச் சொன்னான்: "மூச்சு பிரமாதம் ராணி. கைகளை மட்டும் இன்னும் ஆற்றிலிருந்து கரையேற்றவில்லை."

ஆகவே, ஒரு வித்தை தெரிந்தவர் இன்னொன்றைக் கற்கப் போகும்போது, பழையதில் எது கைகொடுக்கும், எது காலை வாரும் என்று பிரித்தறிய வேண்டும்.