கரும்பலகையில் இரண்டு வரி

மலையடிவாரத்து மடம் ஒன்றுக்கு உலகம்மை என்கிற துறவி தலைவியாக இருந்தாள். வயது நாற்பதுதான். அவளுடைய சீடர்களில் மூத்தவர் சிவசைலம். கோர்ட்டில் முப்பது வருஷம் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றபின் மடத்துக்கு வந்தவர். மடத்தில் எல்லாரும் அம்மா என்று அழைக்கும் உலகம்மை, அவரைவிட இளையவள் என்பதால் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவாள்.

மடத்துத் தண்ணீர்த் தொட்டி சிவசைலத்தின் பொறுப்பு. அதிலிருந்து ஒரு குழாய் மதிலைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. மடத்தில் குடிப்பது கிணற்றுத் தண்ணீர்; தெருவில் பாதிப் பேருக்கு அந்தக் குழாய்தான் குடிதண்ணீர்.

ஒருநாள் காலை அவர் ஒரு காகிதத்தோடு அம்மா முன்னால் வந்து நின்றார்.

“கையெழுத்துப் போடணும்மா.”

“என்னது?”

“வக்கீல் நோட்டீஸ். டீக்கடை மாசானம் கடைவாசல்ல போர்டு எழுதி வச்சிருக்கான். மடத்து மானமே போச்சு. போர்டு முழுசையும் அழிச்சிட்டு மன்னிப்புக் கேக்கணும். இல்லேன்னா அவதூறு வழக்கு. ரெண்டு வருஷம் வரைக்கும் உள்ள போடச் சட்டத்துல இடம் இருக்கு.”

“என்ன எழுதியிருக்கார்?”

சிவசைலம் தலையைக் குனிந்துகொண்டு வாசித்தார். “‘மடத்துத் தண்ணி கெட்டுப்போச்சு, யாரும் குடிக்காதீங்க. தொட்டியைப் பாக்க வேண்டிய சிவசைலம் குடிச்சிட்டுக் கிடக்காரு.’”

காகிதத்தை மடித்தார். “வாழ்நாள்ல நான் தொட்டதில்லம்மா. என் மக அந்தத் தெருவுலதான் வாழ்க்கைப்பட்டிருக்கா. மாமியார் முன்னால நிமிர்ந்து நிக்க முடியலன்னு நேத்து அழுதா.”

அம்மா கேட்டாள்: “ரெண்டு வரி இருக்கு. இதுல எது பொய்?”

“ரெண்டாவது.”

“முதல் வரி?”

சிவசைலம் காகிதத்தை இன்னும் சின்னதாக மடித்தார்.

“நீங்க தொட்டி மேல ஏறிப் பாத்து எத்தனை நாளாச்சு அண்ணாச்சி?”

சிவசைலம் இடுப்பில் தொங்கிய சாவியைத் தடவினார்.

அம்மா எழுந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு செம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். இரும்பு ஏணியில் ஏறினாள். கீழே நின்ற சிவசைலம் அண்ணாந்து பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

தொட்டியின் மூடியைக் குரங்குகள் எப்போதோ தள்ளிவிட்டிருந்தன. உள்ளே இரண்டு அணில்கள் செத்து ஊறிக் கிடந்தன. அம்மா ஒரு செம்பு மொண்டுகொண்டு இறங்கி வந்து அவர் முன்னால் வைத்தாள்.

வாடை முகத்தில் அடித்தது. சிவசைலம் தடுமாறிக்கொண்டே ஓடித் தெருக்குழாயின் வால்வை அடைத்தார். திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தார்.

“நாலு மாசமாச்சும்மா. ரெண்டு படி ஏறினாலே உலகம் சுத்துது. காதுல ஏதோ கோளாறு. நடந்தாலும் தள்ளாடுது. சொன்னா வேலையை வேற ஆளுக்குக் குடுத்திருவீங்களோன்னு மறைச்சேன்.”

அம்மா தலையசைத்தாள்.

“ஆனாலும்மா, ஒருத்தரைப் பத்தி எழுதறவன் நிச்சயமாத் தெரிஞ்சுக்கிட்டு எழுத வேண்டாமா? அவன் என்ன, தொட்டியை ஏறியா பாத்தான்?”

“எப்படிப் பாப்பாரு? ஏணி நம்ம மதிலுக்குள்ள இருக்கு. கேட் சாவி உங்க இடுப்புல இருக்கு.”

“அப்ப என்னைக் குடிகாரன்னு எழுதினது?”

“பொய். உங்க மக அழுதாளே, அதுக்கு ஒரு பதில் வேணும். சட்டம் அதுக்குத்தான் இருக்கு. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க ஏன் தள்ளாடுறீங்கன்னு மாசானத்துக்குத் தெரியுமா?”

“உங்களுக்கே இப்பத்தானம்மா தெரியும்.”

சொன்னதும், தள்ளாட்டத்தைப் பார்த்தவன் குடி என்றுதான் நினைத்திருப்பான் என்பது அவருக்கே உறைத்தது. நோட்டீஸை அங்கேயே வைத்துவிட்டு டீக்கடைக்குக் கிளம்பினார்.

மாசானம் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“நோட்டீஸ் கொண்டாந்தீராக்கும்?”

“இல்ல. தொட்டியைப் பாத்தோம். நீர் எழுதினது சரிதான். குழாயை அடைச்சாச்சு.”

மாசானத்தின் கை நின்றது.

“என் மக ஒம்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தாவே. வாந்தி, பேதி. தண்ணிதான் காரணம்னு டாக்டர் சொன்னாரு. மூணு தடவை உம்ம கேட்டுக்கு வந்தேன். உள்ள விட்டீரா? மடத்தைக் குறை சொல்ல வந்துட்டான்னு விரட்டினீரு. நான் வேற எங்க போய்ச் சொல்லுவேன்? சாக்பீஸுதான் இருந்துச்சு, எழுதினேன்.”

“பிள்ளை இப்ப எப்படி இருக்கா?”

“எந்திரிச்சு உக்காருதா. கஞ்சி குடிக்கா.”

சிவசைலம் கடைப் பந்தலின் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் குடிக்கிறதில்ல மாசானம். காதுக் கோளாறு. தலை சுத்துது. அதான் இந்தத் தள்ளாட்டம்.”

கம்பை இறுக்கிப் பிடித்திருந்த அந்தக் கையை மாசானம் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வெளியே போய் இரண்டாவது வரியை அழித்தார். அந்த இடத்தில், ‘சிவசைலம் குடிக்கிறவர் இல்ல. நான் எழுதினது தப்பு’ என்று எழுதினார்.

“மேல் வரியை அழிக்க மாட்டேன்” என்றார்.

“அழிக்க வேண்டாம். தொட்டியைக் கழுவி நல்ல தண்ணி வார வரைக்கும் இருக்கட்டும். நீர் எழுதலேன்னா இன்னும் எத்தனை பிள்ளைங்க படுத்திருக்குமோ.”

சிவசைலம் இரண்டு கையையும் கூப்பினார். மாசானம் பதறிப்போனார். “என்னவே இது? உக்காரும் முதல்ல. லாரித் தண்ணியில போட்ட டீதான், தைரியமாக் குடியும்.”

சிவசைலம் மடத்துக்குத் திரும்பியபோது தொட்டியை இறைத்துவிட்டு நாலைந்து பேர் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் சேலையெல்லாம் பாசி. நடந்ததை அவர் ஒன்று விடாமல் சொன்னார்.

“என்னை நாலு பேர் பாக்க எழுதினவர் கடையில உக்காந்து டீ குடிச்சிட்டு வாரேம்மா. மனசு இவ்வளவு லேசா இருந்து நாலு மாசமாச்சு.”

“நாளைக்குக் காது டாக்டர்கிட்ட போவோம். நானும் வாரேன்.”

சிவசைலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போகத் திரும்பியவர் நின்றார்.

“ஒருவேளை அவர் அழிக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா, கையெழுத்துப் போட்டிருப்பீங்களாம்மா?”

“போட்டிருப்பேன். ரெண்டாவது வரிக்கு மட்டும்.”

“முதல் வரிக்கு?”

“அந்த நோட்டீஸை உங்க கையிலேயே குடுத்து, அப்படியே முதல் வரிக்கு நன்றியும் சொல்லிட்டு வாங்கன்னு அனுப்பியிருப்பேன்.”