முட்டாள் ஒருவர் தேவை

இன்ஜினியரிங் கல்லூரிகளில் கடைசி வருடம் சிறப்புப் பாடம் என்று ஒன்று வைப்பார்கள். அப்படியானால் மற்ற பாடங்களுக்குச் சிறப்பு இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. பெரம்பலூர் பக்கம் ஒரு கல்லூரியில், தகவல் தொழில்நுட்பத் துறையில், அந்த வருடம் வைத்த சிறப்புப் பாடம் ‘எளிய செயலிகள் செய்வது எப்படி’. அதில் சேர்ந்தவர்கள் மூன்றே பேர்: தீர்த்தகிரி, பெனிட்டா, அன்சாரி.

மூவரும் சொன்ன சொல் தட்டாதவர்கள். ‘வகுப்பில் போன் சத்தம் கேட்கக் கூடாது’ என்று ஒருமுறை சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து போன் அடித்தால் அன்சாரி இரண்டு காதையும் பொத்திக்கொள்வான்.

பாடம் எடுத்த சகாயமேரி மேடம் கடைசி வேலையாக ஒன்று கொடுத்தார். “ஒரு முட்டாள்கூடப் பயன்படுத்துற மாதிரி ஒரு ஆப் செய்யுங்க. நீங்களே டெஸ்ட் பண்ணிக்காதீங்க. அந்த ஆள்கிட்ட கொடுத்துப் பார்த்து, கையெழுத்து வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை வைவா. கையெழுத்து இல்லைன்னா பாஸ் இல்லை, டிகிரியும் இல்லை.”

டிகிரி இல்லை என்றதும் தீர்த்தகிரிக்கு ஊர் ஞாபகம்தான் வந்தது. ‘எங்கள் பொறியாளரே வருக’ என்று அவனுடைய அப்பா ஊர் முனையில் ஃப்ளெக்ஸ் பேனரே கட்டிவிட்டார்.

கல்லூரிப் பேருந்து எங்கே வருகிறது என்று காட்டும் செயலி ஒன்றை மூவரும் செய்தார்கள். ஒரே ஒரு பொத்தான். அதை அமுக்கினால் ஊர்ப் பெயர் வரும். செயலி நன்றாகவே அமைந்துவிட்டது, அதைக் குறை சொல்ல முடியாது. பாக்கி இருந்தது முட்டாள் மட்டும்தான்.

முதலில் கல்லூரி வாசலில் டீக்கடை வைத்திருக்கும் முத்துவீரனிடம் போனார்கள்.

“அண்ணே, நீங்க முட்டாளா?” என்று அன்சாரி பணிவாகக் கேட்டான்.

முத்துவீரன் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. “நாலு வருஷமா உங்களுக்கெல்லாம் டீ போட்டுக்கிட்டு இங்கயே உக்காந்திருக்கேனே தம்பி, பாதி முட்டாள்தான்.”

“பாதி போதாதுண்ணே,” என்றாள் பெனிட்டா வருத்தத்துடன். இருந்தாலும் போனைக் கொடுத்தார்கள். அவர் ஈர விரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். “வண்டி செட்டிகுளத்துல நிக்குது. போங்க, போய்ப் படிங்க.”

மூவருக்கும் முகம் வாடிவிட்டது. இவ்வளவு சுலபமாகப் பயன்படுத்துகிறவர் எப்படி முட்டாளாக இருக்க முடியும்?

அடுத்து ஹாஸ்டல் வார்டன். அவர் போனைத் தலைகீழாகப் பிடித்து, முதுகுப்பக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, “சார்ஜ் இல்லப்பா” என்று திருப்பிக் கொடுத்தார்.

“கிடைச்சிட்டார்!” என்று துள்ளினான் தீர்த்தகிரி.

“எங்கே கிடைச்சார்?” என்றாள் பெனிட்டா. “முட்டாள் பயன்படுத்தணும்னுதானே மேடம் சொன்னாங்க? இவரால முடியலையே. அப்ப ஆப் ஃபெயில்.”

“டீக்கடை அண்ணனால முடிஞ்சுதே?”

“முடிஞ்சதால அவர் முட்டாள் இல்லை.”

மூவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார்கள். பயன்படுத்தத் தெரிந்தால் ஆள் சரியில்லை, தெரியாவிட்டால் செயலி சரியில்லை. கடைசியில் அன்சாரிதான் வழி கண்டுபிடித்தான்.

“முதல்ல ஆளை முட்டாள்னு உறுதி பண்ணிடணும். அப்புறம்தான் போனைக் கையில கொடுக்கணும். அதுக்கப்புறம் அவரே நினைச்சாலும் மாற முடியாது.”

உறுதி என்றால் சான்றிதழ். நேரே இ-சேவை மையத்துக்குப் போனார்கள். கணினி முன்னால் இருந்த அம்மாள் பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

“சாதி இருக்கு, வருமானம் இருக்கு, இருப்பிடம் இருக்கு, முதல் பட்டதாரி இருக்கு. முட்டாள் சான்றிதழ் இதுல இல்லையேப்பா.” பிறகு மூவரையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். “ஆமா, மூணு பேருக்கும் தனித்தனியா வேணுமா?”

“வேண்டாம் மேடம், ஒண்ணு போதும்,” என்றான் தீர்த்தகிரி. “நாங்க மூணு பேரும் ஒரே குரூப்.”

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. வைவா நடத்த வெளிக்கல்லூரியிலிருந்து டாக்டர் வரதநம்பி வந்திருந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம். செயலியைப் பற்றிக் கேட்டார், தலையாட்டினார். “பயன்படுத்திப் பார்த்தவர் கையெழுத்து எங்கே?”

“இந்த மாவட்டத்துல கிடைக்கலை சார்,” என்றான் தீர்த்தகிரி. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “ஒரே ஒரு முட்டாள் கிடைச்சிருந்தா எனக்கு டிகிரி வந்திருக்கும்.”

சகாயமேரி மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். வரதநம்பிக்கு மனம் இளகியது. “இதுக்குப் போயா அழுவாங்க? என்னையே முட்டாள்னு வச்சுக்கிட்டுக் கொடுங்க.”

“வச்சுக்க முடியாது சார். உறுதி பண்ணணும்,” என்றாள் பெனிட்டா.

அவரை உட்கார வைத்துக்கொண்டே மூவரும் விவாதித்தார்கள்.

“பி.எச்.டி. படிச்சிருக்கார்டா. தேறமாட்டார்.”

“இந்த வெயில்ல கோட்டு போட்டிருக்காரே?”

“அது ஒரு பாயின்ட்தான். ஆனா பத்தாது.”

வரதநம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. எந்தத் தேர்விலும் தோற்காதவர் அவர். “இதைக் கேளுங்க. நேத்து நைட் பஸ் ஏறினேன். திருச்சியில இறங்கி, பெரம்பலூர் வர்றதுக்குத் தஞ்சாவூர் வண்டியில ஏறிட்டேன். தஞ்சாவூர்ல இறங்கி, பெரிய கோவிலைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிஞ்சுது!”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுந்து நின்று அவருக்குக் கை கொடுத்தார்கள். “உறுதி ஆயிடுச்சு சார்.”

அவர் பொத்தானை அமுக்கினார். ‘குன்னம்’ என்று வந்தது. “முட்டாள்: வரதநம்பி” என்று கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். அதே வேகத்தில் மதிப்பெண் தாளை எடுத்து மூவருக்கும் நூற்றுக்குத் தொண்ணூறு போட்டுக் கொடுத்தார். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

தாளை வாங்கிய பெனிட்டா மட்டும் நகரவில்லை. “ஒரு சந்தேகம்டா. ஒரு முட்டாள் போட்ட மார்க் செல்லுமா?”

தீர்த்தகிரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. “செல்லாதே! நாளைக்கு யாராவது கேட்டா? முத்திரையோட ஒத்துக்கிட்டிருக்காரே!”

மூவரும் மதிப்பெண் தாளை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். “மன்னிச்சிடுங்க சார், உங்க மேல எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனா இதை வாங்கிக்க முடியாது.” முட்டாள் அல்லாத தேர்வாளர் ஒருவரை அனுப்பும்படி துறைத் தலைவரிடம் மனுக் கொடுத்தார்கள். வேறு வழியில்லாமல் அவரும் இன்னொருவரை ஏற்பாடு செய்தார்.

இப்போது புதுச் சிக்கல். வருகிறவர் முட்டாள் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

“ஆப்பைக் கொடுத்துப் பார்க்கலாம்,” என்றான் அன்சாரி.

“அதை முட்டாளும் பயன்படுத்தலாம்னுதான் நிரூபிச்சாச்சே,” என்றாள் பெனிட்டா. “முட்டாளால பயன்படுத்தவே முடியாத ஆப் ஒண்ணு வேணும்.”

உடனே வேலையில் இறங்கினார்கள். சோறு தண்ணி மறந்து செய்து முடித்து, போனில் ஏற்றினார்கள். தீர்த்தகிரி திறந்து பார்த்தான், திறக்கவில்லை. பெனிட்டா முயன்றாள், திறக்கவில்லை. அன்சாரியும் அமுக்கி, தட்டி, உலுக்கிப் பார்த்தான். ஊஹும்.

மூவர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி.

“பக்காவா வேலை செய்யுது,” என்றான் தீர்த்தகிரி.