வாய் திறந்த படம்

"அம்மா, அந்தப் பெண்ணோட முகத்துல போரே இல்லை," என்றார் தாமோதரன்.

திலகா தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஓவியம் கற்றுத் தரும் குரு அவள்தான். சீடரான தாமோதரனைவிட வயதில் இளையவள்.

"எந்தப் பெண்?"

"அகதி முகாம்ல இருந்து வர்ற யோகமலர்."

போரில் மகனைப் பறிகொடுத்தவள். அவனுடைய புகைப்படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தாயும் மகனுமாக ஓர் ஓவியத்தில் இருக்கலாம் என்று தாமோதரன் சொன்னதால்தான் வந்து உட்காரச் சம்மதித்தாள். ஆனால் மடியில் கை வைத்து, தரையைப் பார்த்தபடி, பேருந்துக்குக் காத்திருப்பவள்போல இருந்தாளாம்.

தாமோதரன் அவளிடம் பழைய பத்திரிகைப் படம் ஒன்றைக் காட்டியிருக்கிறார். இரு கைகளையும் வானத்துக்குத் தூக்கி அலறும் ஒரு தாய். இதேபோல் செய்யச் சொல்லியிருக்கிறார்.

"செஞ்சாங்களா?"

"வரலை. மகன் செத்த அன்னிக்கு அவங்க அலறவே இல்லையாம். இன்னொரு குழந்தை, சின்னது, மடியில தூங்கிட்டிருந்ததாம். முழிச்சுக்கும்னு சேலையை வாயில வச்சு அடைச்சுக்கிட்டாங்களாம்."

"அதை வரையலாமே."

"பார்க்கிறவங்க பல்வலின்னு நினைப்பாங்கம்மா."

திலகா சிரிக்கவில்லை.

"போர் எப்படி இருக்கும்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யார் சொல்லணும்? பத்திரிகையில முதல் பக்கத்துக்குப் படம் பொறுக்கிக் கொடுத்தவன் நான்."

"எதைப் பொறுக்குவீங்க?"

"வாய் திறந்திருக்கிறதை."

"மூடியிருந்தவங்களை?"

தாமோதரன் பதில் சொல்லப் போனார். குப்பைக் கூடை என்ற சொல் நாக்குவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

வாசலில் செருப்புச் சத்தம். யோகமலர். தலை வாரி, துவைத்த சேலை உடுத்தி வந்திருந்தாள். முகத்தில் சின்னதாக ஒரு பெருமைகூட இருந்தது.

"ஐயா, நேற்றுப் பிழையாப் போச்சு, கோவிக்காதேங்கோ. வீட்டில கண்ணாடிக்கு முன்னால நிண்டு செய்து பாத்தனான். இப்ப சரியா வருது."

பையைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் தூக்கினாள். வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

தாமோதரன் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திலகா ஒரு தூரிகையைத் துடைத்து அவர் கையில் வைத்தாள்.

"வரைங்க," என்றாள். "அவங்களுக்குக் கை வலிக்கும்."